காதில் குச்சி, கையில் சீட்டு: கதை சொல்லும் படத்தை ஜோடிப்பது எப்படி

பொள்ளாச்சியில் அப்பா நடத்திய ஸ்டுடியோவில் ஒரு கறுப்பு டெலிபோன் இருந்தது. இணைப்பு கிடையாது. வயர் மேசைக்குப் பின்னால் போய் அங்கேயே முடிந்துவிடும். வரனுக்குக் கொடுக்கப் படம் எடுத்துக்கொள்ள வரும் அக்காக்களை ஸ்டூலில் உட்காரவைத்து, ரிசீவரைக் கையில் கொடுத்து, "அந்தப் பக்கம் யாரோ பேசறாங்கம்மா, நீ பேசாதே, கேளு" என்பார். பேசுகிற மாதிரி எடுத்தால் வாய் கோணும், கேட்கிற மாதிரி எடுத்தால் முகம் நிற்கும் என்பது அவர் கணக்கு. பின்னால் மாடிப்படியும் பூந்தொட்டியும் தீட்டிய திரை. அந்தப் பக்கம் பேசுவது யார் என்று படத்தைப் பார்த்த எல்லோரும் ஒரு நிமிஷமாவது யோசித்திருப்பார்கள். மாப்பிள்ளை வீட்டாரும்தான்.

இப்போது நான் கோவையில் ஒரு கல்லூரியில் வாரம் இரண்டு நாள் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) மாணவர்களுக்கு வகுப்பெடுக்கிறேன். சிலபஸில் 'ஸ்டேஜ்டு நரேட்டிவ் போட்டோகிராஃபி' என்று ஒரு யூனிட் உண்டு. நான் அதை ஜோடித்து எடுக்கிற படம் என்பேன். ஜோடித்த கேஸ் என்கிறோமே, அதே ஜோடனைதான். ஒரே வித்தியாசம், இங்கே பார்க்கிறவருக்கு இது ஜோடனை என்று தெரியும். தெரிந்தும் கொஞ்ச நேரம் நம்பிப் பார்ப்பார். அந்தக் கொஞ்ச நேரத்தைச் சம்பாதிப்பதுதான் வேலை.

ஒவ்வொரு வருஷமும் ஒரே கூத்து நடக்கும். முதல் வகுப்பில் கிரெகரி க்ரூட்சன் என்ற அமெரிக்கப் போட்டோகிராஃபரின் படங்களைக் காட்டுவேன். மாசசூசெட்ஸ் பக்கத்துச் சிற்றூர்கள், அந்தி நேரம், காரை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு எங்கோ பார்க்கும் ஒருவர், ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம். 1998 முதல் 2002 வரை அவர் எடுத்த 'ட்வைலைட்' வரிசையைப் பார்த்ததும் வகுப்பே வாயடைத்துப் போகும். அடுத்த வாரம் பாதிப் பேர் புகையோடு வருவார்கள். புகை மெஷினுக்குக் காசில்லாதவர்கள் கம்ப்யூட்டர் சாம்பிராணி கொளுத்தியிருப்பார்கள். படத்தில் ஒரு பெண் வெள்ளைச் சேலையில் நிற்பாள். பேயா, விதவையா, விளம்பரமா என்று தெரியாது. கேட்டால் "மூட் சார்" என்பார்கள்.

க்ரூட்சனிடமிருந்து புகையை எடுத்துக்கொள்வது, சமையல்காரரிடமிருந்து அவருடைய துண்டை மட்டும் எடுத்துக்கொள்வது மாதிரி. அவருக்கு ஒரு சினிமா யூனிட் அளவு ஆட்கள்; தெருவை மூடிவிட்டு, மழை வேண்டுமென்றால் மழையை வரவழைத்து, 8x10 அங்குல ஃபிலிம் போடும் பெட்டி கேமராவில் எடுத்தவர். ஷட்டரைக்கூடத் தானே அழுத்துவதில்லை, அதற்கும் ஒருவர் உண்டு. நம்மிடம் இருப்பது கேமராவோடு சேர்ந்து வரும் ஒரு கிட் லென்ஸும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஃப்ரீயாக இருக்கும் இரண்டு நண்பர்களும். அதனால் வேறு இடத்திலிருந்து தொடங்குவோம்.

ஒரு படத்தைப் பிரித்துப் போடுங்கள்

டாம் ஹன்டர் என்ற ஆங்கிலேயர் 1997-ல் ஒரு படம் எடுத்தார். அப்போது அவர் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் மாணவர், நம் பிள்ளைகளைப் போலத்தான். கிழக்கு லண்டனில் ஹேக்னி என்ற பகுதியில், காலியாகக் கிடந்த வீடுகளில் குடியேறி வாழ்ந்தவர்களுக்கு நடுவில் அவரும் வாழ்ந்தார். வீட்டைக் காலி செய்யச் சொல்லி கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் வரும். அதில் ஆட்களின் பெயர் இருக்காது. 'பெயர் தெரியாத நபர்கள்' என்ற பொருளில் ஒரு சட்டச் சொல் இருக்கும். ஹன்டர் அந்தச் சொல்லையே வரிசைக்குத் தலைப்பாக வைத்து, அக்கம்பக்கத்தாரைப் படம் எடுத்தார்.

அதில் ஒன்றில் ஒரு பெண் ஜன்னலோரம் நின்று நோட்டீஸைப் படிக்கிறாள். முன்னால் கட்டிலில் ஒரு குழந்தை படுத்திருக்கிறது. ஜன்னல் இடப்பக்கம். வெளிச்சம் முகத்திலும் தாளிலும் விழுகிறது. ஓவியம் பார்த்துப் பழகியவர்களுக்கு உடனே பொறி தட்டும்: இது 1650-களின் கடைசியில் டச்சு ஓவியர் வெர்மீர் வரைந்த, ஜன்னலோரம் கடிதம் படிக்கும் பெண். அதே நிலை, அதே வெளிச்சம். கடிதம் இருந்த இடத்தில் நோட்டீஸ், பழத்தட்டு இருந்த இடத்தில் குழந்தை. பெயர் சொல்லாமல் கோர்ட் கூப்பிட்ட ஆளுக்கு, வெர்மீர் வரைந்த பெண்ணுக்குரிய மரியாதை கிடைத்துவிட்டது. புகை இல்லை, மழை மெஷின் இல்லை.

இந்தப் படத்தை வகுப்பில் போட்டு, ஒரு தாளில் நாலே கேள்விக்கு பதில் எழுதச் சொல்வேன். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? கேமரா அவள் உடம்பில் எந்த உயரத்தில் நிற்கிறது? படத்தில் முதலில் கண்ணில் படும் பொருள் எது? ரொம்ப நேரம் கழித்துக் கண்ணில் படும் பொருள் எது? "பீல்", "மூட்", "வைப்" என்று எழுதினால் மார்க் கிடையாது. காப்பி அடிக்க வேண்டியது இந்த நாலு பதிலைத்தான். கலரும் சட்டையும் அவரவர் வீட்டிலேயே இருக்கிறது.

இதில் ஒரு கிளைக்கதை உண்டு, சொல்லாமல் விட மனசில்லை. வெர்மீர் படம் ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்தில் இருக்கிறது. நூற்றாண்டுகளாகப் பெண்ணுக்குப் பின்னால் மொட்டைச் சுவர்தான் தெரிந்தது. அந்தச் சுவருக்குள் ஒரு மன்மதன் ஓவியம் மறைந்திருப்பது எக்ஸ்ரேயில் முன்பே தெரிந்திருந்தது. வெர்மீரே அழித்துவிட்டார் என்று நினைத்தார்கள். சுத்தம் செய்யும்போதுதான், அதன் மேல் பூசியது வெர்மீர் இல்லை, அவர் இறந்த பிறகு வேறு யாரோ என்று தெரிந்தது. பூச்சைச் சுரண்டி எடுத்து 2021-ல் மன்மதனோடு காட்சிக்கு வைத்தார்கள். இப்போது பார்த்தால் அது காதல் கடிதம் என்று சுவரே சொல்லிவிடுகிறது. எனக்கு அந்த மொட்டைச் சுவர்தான் பிடித்திருந்தது, நிபுணர்கள் மன்னிக்கட்டும். ஹன்டர் 1997-ல் பார்த்ததும் அந்தச் சுவரைத்தான். சுவரில் ஒரு பொருளை மாட்டுவதற்கு முன்னால், அது உங்கள் கதையைத் திறக்கிறதா மூடுகிறதா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு மாணவி செய்த படம்

போன வருஷம் திருப்பூரிலிருந்து வந்து படிக்கும் ஒரு பெண், முதலில் கொண்டுவந்த ஐடியா, ரயில் தண்டவாளத்தில் கிழிந்த பொம்மை. நான் ஒன்றும் சொல்லவில்லை, சரி, உங்கள் வீட்டில் யாராவது கடைசியாக ஒரு தாளை நின்றுகொண்டு படித்தது எப்போது என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் சொன்னாள்: செமஸ்டர் ஃபீஸ் கட்ட அம்மாவின் தோடு அடகுக்குப் போயிருக்கிறது, அந்தச் சீட்டை அம்மா அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறார், தேதி மறந்துவிடக்கூடாது என்று அடிக்கடி எடுத்துப் பார்ப்பார்.

கடிதம், நோட்டீஸ், அடகுச் சீட்டு. அங்கேயே படம் பாதி முடிந்துவிட்டது.

ஆனால் அவள் போட்டுக்கொண்டு வந்த ஸ்கெட்சில் எல்லாமே இருந்தது. அம்மா கையில் சீட்டு, காலண்டரில் ஃபீஸ் கட்ட வேண்டிய தேதியைச் சுற்றிச் சிவப்பு வட்டம், திண்டில் திறந்து கிடக்கும் நகை டப்பா, அதில் ரோஸ் காகிதம், கதவோரம் அழும் மகள். ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னேன். மகள் போனாள், காலண்டர் போனது, டப்பா போனது. "அப்புறம் யாருக்கு சார் புரியும்?" என்று கோபம் வந்துவிட்டது அவளுக்கு. அம்மா காதில் இப்போது என்ன போட்டிருக்கிறார் என்று கேட்டேன். "ஒண்ணும் இல்ல சார், ஓட்டை தூர்ந்துடக் கூடாதுன்னு விளக்கமாத்துக் குச்சி."

தோடு கழற்றிய காதில் துளை மூடிக்கொள்ளாமல் ஈர்க்குச்சியையோ வேப்பங்குச்சியையோ ஒடித்துச் செருகிக்கொள்வது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பார்த்துப் பார்த்து அது கண்ணுக்கே தெரியாமல் போய்விட்டது. படத்தில் அதைக் கண்டுபிடிக்கப் பத்து விநாடி ஆகும். கண்டுபிடித்த பிறகு, கையில் இருப்பது என்ன தாள் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. சத்தமாக ஒரு பொருள், சத்தமில்லாமல் ஒரு பொருள், இரண்டு போதும். மூன்றாவது வந்தால் அது விளக்கவுரை.

அவள் அம்மா நடிக்க ஒத்துக்கொண்டார். ஆனால் உண்மையான சீட்டைப் படத்தில் காட்ட மாட்டேன் என்றார். அதில் அவர் பெயரும் கிராம் கணக்கும் இருக்கிறது. நியாயம்தானே. அதே நிறத் தாளில், அதே அளவில், இவளே கையால் எழுதி ஒரு சீட்டு தயார் செய்தாள், கடைப் பெயர் இல்லாமல். ஜோடித்த படத்தின் பெரிய வசதி இதுதான். அம்மாவின் மானத்தை அடகு வைக்காமல் அம்மாவின் கதையைச் சொல்லலாம். வீட்டு ஆட்களை வைத்து எடுக்கிறவர்கள் எது காட்டலாம், எது கூடாது என்பதை கேமராவைத் தொடுவதற்கு முன்னாலேயே பேசி முடித்துவிடுங்கள். எடுத்த பிறகு கெஞ்சுவது அசிங்கம்.

வெளிச்சம், கேமரா, நிற்கிற ஆள்

முதல் தடவை அவள் சனிக்கிழமை முற்பகலில், வெயில் ஏறிய பிறகு எடுத்தாள். தரையில் பளீர் என்று ஒரு கட்டம் வெயில், மற்றதெல்லாம் கறுப்பு. சமையலறை ஜன்னல் கிழக்குப் பார்த்தது, அதனால் அடுத்த வாரம் காலை ஏழரைக்கு எடுக்கச் சொன்னேன். ஜன்னலுக்கு வெளிப்பக்கம் ஒரு வெளுத்த மல் வேட்டியை ஒற்றையாக விரித்துத் துணி கிளிப் போட்டாள். நேர் வெயில் பால் மாதிரி ஆகிவிடும். கடையில் விற்கும் டிஃப்யூஷன் துணியைவிட வேட்டி ஒன்றும் மோசமில்லை.

அடுத்து, வீட்டில் எல்லா லைட்டையும் அணைக்க வேண்டும். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள், எண் கூடினால் நீலம், குறைந்தால் மஞ்சள். நம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் 6500 கெல்வின் டியூப், பூஜை அறையில் 3000 கெல்வின் மஞ்சள் பல்பு, ஜன்னலில் வானம். மூன்றும் கலந்தால் முகத்தில் ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் மஞ்சள் காமாலை. எடிட்டிங்கில் சரி செய்துகொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். ஒன்றைச் சரி செய்தால் மற்றது கெடும். ஒரே ஒரு வெளிச்சம் என்று முடிவெடுத்துவிட்டால் பாதித் தலைவலி போய்விடும். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் நிழல் ரொம்பக் கறுத்தால் ஒரு தெர்மோகோல் ஷீட்டை நிறுத்துங்கள். நிழல் போதவில்லையா, அதே இடத்தில் கறுப்புக் குடையை விரித்து வையுங்கள், கன்னம் ஒட்டிப் போய்ப் படம் கனமாகும். அவள் குடையைத்தான் வைத்தாள்.

கேமரா டிரைபாடில், அம்மாவின் நெஞ்சு உயரத்தில். நின்றபடி நம் கண் உயரத்தில் எடுத்தால் குட்டையான ஆளைக் குனிந்து பார்க்கிற மாதிரி ஆகிவிடும். படம் பரிதாபம் பிச்சை கேட்கும். 18-55 கிட் லென்ஸில் 35 மி.மீ. போனில் எடுக்கிறவர்கள் சாதாரண 1x-ல் எடுக்காமல் 2x வைத்து நாலடி பின்னால் போங்கள், ஓரத்தில் இருக்கும் பாத்திரம் இழுபடாது. அவள் வைத்தது ஐ.எஸ்.ஓ (வெளிச்ச உணர்திறன்) 400, லென்ஸ் துளை எஃப் 5.6, ஷட்டர் 1/30 விநாடி. ஆள் அசையாமல் நின்றால் போதும். மூச்சை விட்ட பிறகு ஒரு நொடி உடம்பு தானாக நிற்கும், அப்போது அழுத்த வேண்டும்.

இரவில் பல்பு வெளிச்சத்தில் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்.இ.டி பல்பு விநாடிக்கு 100 தடவை துடிக்கும். ஷட்டரை 1/500 என்று வைத்தால் படத்தில் குறுக்கே பட்டை பட்டையாக விழும். 1/50 அல்லது 1/100 வைத்துக்கொள்ளுங்கள். அந்தி வெளிச்சத்துக்கு ஆசைப்படுகிறவர்களுக்கு இன்னொன்று. க்ரூட்சனின் ஊர் பூமத்திய ரேகையிலிருந்து ரொம்ப வடக்கே இருக்கிறது, அங்கே அந்தி நீளம். நமக்குச் சூரியன் மறைந்து இருபது நிமிஷம் சொச்சத்தில் எல்லாம் முடிந்துவிடும். அதிலும் வானமும் ஜன்னல் பல்பும் சம எடையில் நிற்பது பத்து நிமிஷம் இருந்தால் அதிகம். ஐந்து மணிக்கே செட் போட்டு, ஆளை நிறுத்தி, ஃபோகஸ் பூட்டிவிட்டு டீ குடித்தபடி காத்திருங்கள்.

இப்போது நடிப்பு. "சோகமா இருங்க" என்று யாரிடமும் சொல்லாதீர்கள். நான் படிக்கும்போது கடைசி வருஷ புராஜெக்ட்டுக்கு ஒரு புருஷன் பெண்டாட்டி சண்டையை எடுத்தேன். தட்டு உடைகிறது, சோறு சிதறுகிறது, அவள் கத்துகிறாள், அவன் கை ஓங்குகிறான். லைட் வாடகைக்கே அப்பாவிடம் கடன் வாங்கினேன். என் ஆசிரியர் ஒரு பார்வை பார்த்துவிட்டு "மெகா சீரியல் ஸ்டில் நல்லா வந்திருக்கு" என்றார். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் அவர் சொன்னது சரி. சண்டை நடக்கும் நொடியில் கதைக்கு இடமே இல்லை, எல்லாம் வெளியே கொட்டிக் கிடக்கிறது. சண்டைக்குப் பிறகு ஒருத்தி சோற்றுப் பருக்கையைப் பொறுக்கிக்கொண்டிருந்தால் அது வேறு படம். அதனால் நிகழ்ச்சியை எடுக்காமல் அதற்கு முந்தின நிமிஷத்தையோ பிந்தின நிமிஷத்தையோ எடுங்கள். நடிக்கிறவருக்கு ஒரு வேலை கொடுங்கள். திருப்பூர்ப் பெண் அவள் அம்மாவிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "அம்மா, மூணாவது வரில தேதி எழுதியிருக்கேன், சரியான்னு படிச்சுப் பாரு." அம்மாவுக்குக் கண்ணாடி இல்லாமல் சரியாகத் தெரியாது, தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, தலையை ஜன்னல் பக்கம் சாய்த்தார். காது திரும்பியது. 64 படத்தில் 52-ஆவது படம் அது.

கை பழகின பிறகு

ஒரு படம் வந்துவிட்டால் வரிசை எடுக்க ஆசை வரும். அதற்கு நான் முதலில் காட்டுவது அமெரிக்கப் போட்டோகிராஃபர் கேரி மே வீம்ஸின் 1990 வருஷத்துச் சமையலறை மேசை வரிசை. 20 படம், 14 எழுத்துப் பலகை. ஒரே மேசை, மேலே தொங்கும் ஒரே விளக்கு, எல்லாவற்றிலும் அவரே. காதலன் வருகிறான், போகிறான், தோழிகள் வருகிறார்கள், மகளும் மேசையில் உட்கார்ந்து லிப்ஸ்டிக் போடுகிறாள். ஹாஸ்டல் அறையில் ஒரு கட்டிலை வைத்து இதைச் செய்யலாம். கேமராவை நகர்த்தக்கூடாது என்பது மட்டும் விதி.

ஒரே ஃப்ரேமில் நாலு பேரும் சரியாக நடிக்க மாட்டேன் என்கிறார்களா? கனடாக்காரர் ஜெஃப் வாலிடம் போங்கள். ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் வரைந்த ஒரு காற்றடிக்கும் காட்சியை வான்கூவர் பக்கத்தில் ஆட்களை வைத்து எடுத்து, 1993-ல் முடித்தார். நூற்றுக்கு மேற்பட்ட படங்களைக் கம்ப்யூட்டரில் ஒட்டிய ஒரே படம் அது. டிரைபாடை அசைக்காமல், எக்ஸ்போஷரை மாற்றாமல் ஒவ்வொருவராக எடுத்து ஒட்டினால் நமக்கும் அதே வேலைதான். இதுவும் புதுசு இல்லை. 1858-லேயே ராபின்சன் என்ற ஆங்கிலேயப் போட்டோகிராஃபர் சாகக் கிடக்கும் ஒரு பெண்ணின் படத்தை ஐந்து நெகட்டிவ் ஒட்டிச் செய்தார். பெண் நல்ல ஆரோக்கியமாக இருந்தாள். பார்த்தவர்களுக்கு அப்படியும் மனசு ஆறவில்லை, இதையெல்லாமா படம் எடுப்பது என்று சண்டை.

நம் பக்கத்திலேயே பார்க்க வேண்டுமென்றால் பெங்களூரு ஓவியக் கலைஞர் புஷ்பமாலா. போட்டோகிராஃபர் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து 2000 முதல் 2004 வரை, தென்னிந்தியப் பெண்களின் பிம்பங்களைத் தன் உடம்பிலேயே மறுபடி ஜோடித்தார். ரவிவர்மாவின் நிலவொளிப் பெண், வேளாங்கண்ணி மாதா, வெள்ளைக்காரர்கள் அளவெடுக்கக் கட்டம்போட்ட திரைக்கு முன்னால் நிறுத்திய தோடர் பெண் என்று ஒவ்வொன்றாக. திரை, தீட்டிய பின்னணி, போஸ், எல்லாம் தெரியும்படியே விட்டிருப்பார். அப்பாவின் மாடிப்படித் திரையை எலி கடித்துப் போட்ட பிறகுதான் நான் அந்தப் படங்களைப் பார்த்தேன். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் இருக்கிறது.

ரெக்கார்ட் நோட்டில் எழுதும்போது மூலத்தை மறைக்காதீர்கள். அந்தப் பெண் முதல் பக்கத்திலேயே வெர்மீர், ஹன்டர் இரண்டு படத்தையும் சின்னதாக ஒட்டி, எதை எடுத்துக்கொண்டேன், எதை மாற்றினேன் என்று நாலு வரி எழுதினாள். வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் "இது காப்பி இல்லையா?" என்று கேட்டதற்கு அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். அப்புறம் அவர் கேட்டதெல்லாம் குடையைப் பற்றித்தான்.

பிரிண்ட் 12x18 அங்குலம், பளபளப்பில்லாத மேட் பேப்பர். பளபளப்பான பேப்பரில் போட்டால் குச்சி மினுங்கி வெள்ளித் தோடு மாதிரி தெரிந்தது, இரண்டாவது பிரிண்ட் போட வேண்டியதாகிவிட்டது. சப்மிட் செய்வதற்கு முன்னால் அம்மாவிடம் காட்டச் சொல்லியிருந்தேன். காட்டினாளாம். அம்மா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஜன்னக் கம்பில இருக்கற எண்ணெய்ப் பிசுக்க ஒரு தடவ தொடைச்சிட்டு எடுத்திருக்கலாம்ல" என்றாராம்.